பின்பக்க மரத்தைக் குடைந்து எடையைக் குறைத்தால் பேஸ் கிதாரின் தலை கவிழ்வது நிற்குமா?

கேட்டவர்: கிருஷ்ணகிரி நான்கு தந்தி

அனைவருக்கும் வணக்கம். வார நாள்களில் ஓசூரில் வேலை பார்க்கும் நான், சனி ஞாயிறுகளிலும் திருவிழாக் காலத்திலும் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறேன். மண்டப வரவேற்பு என்றால் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் மாரியம்மன் திருவிழா மேடையில் இரவு ஒன்பது மணிக்கு ஏறினால், ஊர்ப் பெரியவர்களுக்குப் பொன்னாடை போர்த்துவது உட்பட எல்லாம் முடிந்து இறங்க ஒரு மணி ஆகிவிடுகிறது. அவ்வளவு நேரமும் கிதார் தோளில்தான் தொங்குகிறது.

என்னிடம் இருப்பது கிப்சன் நிறுவனத்தின் தண்டர்பேர்ட் பேஸின் வடிவத்தைப் பார்த்துச் செய்த, பெயர் பொறிக்கப்படாத ஒரு கிதார். பெங்களூரில் ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். அதன் ஒலியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இடது கையை எடுத்த மறுநொடியே அதன் தலை தரையைப் பார்த்துக் கவிழ்ந்துவிடுகிறது. பாட்டுக்கு நடுவில் ஒலிபெருக்கியின் குமிழைத் திருப்ப வேண்டுமென்றால்கூட முழங்காலை உயர்த்திக் கழுத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சுரம் பிடிக்க வேண்டிய கை கழுத்தையும் சேர்த்துத் தாங்குவதால், இரண்டாவது மணி நேரத்தில் கட்டைவிரலின் அடியில் தொடங்கும் வலி மணிக்கட்டு வழியாக ஏறி இடது தோளில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

மாங்காய் மண்டியில் ஒரு நண்பரின் மின்தராசில் வைத்துப் பார்த்ததில் கிதார் 4.1 கிலோ இருந்தது. இந்த எடைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்து, காவேரிப்பட்டணத்தில் எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தந்திகள் உடலில் ஊன்றி நிற்கும் பிரிட்ஜுக்குப் பின்பக்கத்து மரத்தைக் குடைந்து, மேலே ஒரு மெல்லிய பலகையை ஒட்டி மூடினால் அறுநூறு எழுநூறு கிராம் குறையும் என்றார். செய்யலாமா, அல்லது இதை விற்றுவிட்டு எடை குறைந்த வேறொன்றை வாங்குவது நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பாலக்கோடு பழைய மேடை

தம்பி, ஆசாரி உளியைக் கையில் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நீங்கள் குறைக்க நினைப்பது குறைக்கவே கூடாத இடத்து எடை.

நம் பக்கத்துப் புளி வியாபாரிகள் ஒரு காலத்தில் வைத்திருந்த வெள்ளிக்கோலைப் பார்த்திருக்கிறீர்களா? கோலின் ஒரு முனை கனமாகவும் மறுமுனை மெலிந்து நீண்டும் இருக்கும். தட்டில் புளியை வைத்துவிட்டு, கோலைத் தாங்கும் பிடிகயிற்றை இப்படியும் அப்படியும் நகர்த்திக் கோல் படுக்கையாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். பேஸ் கிதாரும் தோளில் தொங்கும் வெள்ளிக்கோல்தான். தலைப்பக்கம் மெலிந்து நீண்டிருக்கிறது, உடல் பக்கம் குட்டையாகக் கனத்திருக்கிறது, தோள் வாரின் ஒரு முனையை மாட்டும் மேல் பட்டன் பிடிகயிற்றின் வேலையைச் செய்கிறது. கனத்த முனையிலிருந்து மரத்தை எடுத்துவிட்டால் மெலிந்த முனை இன்னும் வேகமாகக் கீழே இறங்குமே தவிர மேலே ஏறாது.

மொத்த எடையும் சமநிலையும் வெவ்வேறு சங்கதிகள். நான்கரை கிலோ இருந்தும் கையை எடுத்தால் இருந்த இடத்திலேயே நிற்கும் கிதாரை நான் நான்கு மணி நேரம் சுமந்திருக்கிறேன். வலி வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே அளவில் இருக்கும், தூங்கி எழுந்தால் போய்விடும். மூன்றரை கிலோவில் தலை கவிழும் கிதார் ஒன்றும் என்னிடம் இருந்தது. அதை ஒரு மணி நேரம் வாசித்தாலே இடது கை மரத்துப்போகும்.

மேல் பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு, லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸை எடுத்துக்கொள்ளுங்கள். 34 அங்குலத் தந்தி நீளமும் அதற்கேற்ற பெரிய தலையும் கொண்ட அதன் மேல் கொம்பு, அதாவது உடலின் மேல்பக்கத்து நீட்சி, பன்னிரண்டாம் ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை நீண்டு போகிறது. அழகுக்காக நீட்டியது என்றுதான் முதலில் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அந்தக் கொம்பின் முனையில்தான் பட்டன் இருக்கிறது. நீண்ட கழுத்தைத் தாங்குவதற்காகப் பிடிகயிற்றைத் தலைப்பக்கம் தள்ளிய ஏற்பாடு அது. 1963-இல் கிப்சன் வெளியிட்ட தண்டர்பேர்டை வரைந்த ரே டீட்ரிச், கார்களுக்கு வடிவம் கொடுத்துப் பெயர் பெற்றவர். பார்ப்பதற்கு அது பாய்ந்து போகும் வண்டி போலத்தான் இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் கீழ்க்கொம்பு நீண்டும் மேல்கொம்பு குட்டையாகவும் இருப்பதால், பட்டனைப் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்குக் கொண்டுபோக அங்கே மரமே இல்லை.

இதில் பலர் கவனிக்காத இன்னொரு தொல்லையும் உண்டு. மேல் பட்டன் உடலுக்குள் தள்ளி இருந்தால் கிதார் முழுவதும் உங்கள் இடப்பக்கமாக நகர்ந்து தொங்கும். அப்போது தந்தியின் நீளம் மாறாமலிருந்தும் தலையை ஒட்டிய முதல் ஃபிரெட் எட்டாத தொலைவுக்குப் போய்விடும். கழுத்து நீளமாகத் தெரிகிறது, கை எட்டவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் கழுத்து நீளமில்லை. பட்டன்தான் தவறான இடத்தில் இருக்கிறது.

இப்போது ஒன்று செய்யுங்கள். வாரைக் கழற்றிவிட்டு, விளக்குமாற்றுக் கழி போன்ற ஓர் உருண்டைக் கம்பைத் துணி சுற்றி இரு நாற்காலிகளுக்கு நடுவே வைத்து, கிதாரின் முதுகை அதன்மேல் குறுக்காகக் கிடத்துங்கள். முன்னும் பின்னும் தள்ளி, எந்த இடத்தில் எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கிறதோ அந்த இடத்தில் ஒரு காகித நாடாவை ஒட்டுங்கள். அந்த நாடாவுக்கும் மேல் பட்டனுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர், எந்தப் பக்கம் என்பதை இங்கே எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.

பதில்: ஓசூர் இரவுப்பணி

மூத்தவர் சொல்வதில் பிழையில்லை என்றாலும், இவ்வளவு கணக்குப் போட வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது. இரட்டைக் கொம்பு வைத்த, 30 அங்குலத் தந்தி நீளமுள்ள ஒரு சிறிய பேஸைப் பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். அதுவும் தலை கவிழும் வகைதான். மூன்று அங்குல அகலத்தில், உள்பக்கம் சொரசொரப்பான தோல் வார் ஒன்றை வாங்கி மாட்டினேன். அது சட்டையைக் கவ்விப் பிடித்துக்கொள்வதால் கிதார் நகர்வதில்லை. தவிர, வாசிக்கும்போது வலது முன்கை உடலின் மேல் விளிம்பில் படிந்திருப்பதால் அந்தப் பாரமே வாலை அழுத்திக்கொள்கிறது. குட்டைத் தந்தியில் முதல் ஃபிரெட்டின் அகலம் ஏறத்தாழ 43 மில்லிமீட்டர்தான். 34 அங்குலத்தில் அது 48-ஐத் தாண்டும். கை வலிப்பவர்கள் முதலில் இதைப் பார்க்கலாம். எடை குறைந்த வயலின் வடிவ ஹாஃப்னரைத் தோளில் மாட்டிக்கொண்டு பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி உலகத்தையே சுற்றி வரவில்லையா?

பதில்: பாலக்கோடு பழைய மேடை

ஹாஃப்னரை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி. அதன் உடல் உள்ளே குடைவானது, மிகவும் இலேசானது என்பது உண்மை. ஆனால் அதன் கழுத்தும் 30 அங்குலத் தந்திக்கு உரிய குட்டைக் கழுத்து, தலையும் சிறியது. இரு முனையும் சேர்ந்து இலேசானதால் அது நிற்கிறது. நம் தம்பி ஒரு முனையை மட்டும் குடையப் பார்க்கிறார்.

சொரசொரப்பான வாரை நானும் பயன்படுத்துகிறேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது கவிழும் விசையைப் போக்குவதில்லை, உங்கள் சட்டைக்கு மாற்றிக் கொடுக்கிறது. கச்சேரி முடிந்து கண்ணாடியில் பாருங்கள், சட்டைக் கழுத்துப் பட்டை இடப்பக்கமாக நான்கு விரல் இறங்கியிருக்கும். முன்கையால் அழுத்திப் பிடிப்பது அதைவிட மோசம். சந்தனக் கட்டை போலச் சதுர விளிம்பு கொண்ட உடலில் முன்கையை ஊன்றி மூன்று மணி நேரம் வாசித்தால் விளிம்பு தோலில் கோடு கிழித்துவிடும், சுண்டுவிரல் பக்கம் விறுவிறுக்கும். முதல் பிரிசிஷனும் அப்படிப்பட்ட பலகை உடலோடுதான் வந்தது. முன்கை படியும் இடத்தையும் விலா படியும் இடத்தையும் 1954-இல்தான் சீவி வளைத்தார்கள். நம் தம்பியின் ஆசாரிக்குக் கை நமநமவென்று இருந்தால், முன்கை படியும் அந்த ஒரு விளிம்பை மட்டும் இழைத்துக் கொடுக்கச் சொல்லலாம். அதில் குறையும் எடை ஒரு பொருட்டல்ல, கிடைக்கும் சுகம் பெரிது.

பதில்: தருமபுரி வீணை

வணக்கம். நான் தருமபுரியில் வீணை கற்பிக்கிறேன். என் மகளுக்காக வாங்கிய பேஸ் கிதாரை அவள் கல்லூரி விடுதிக்குப் போனபின் நானே வாசிக்கத் தொடங்கிவிட்டேன். அமர்ந்து வாசிப்பதைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

வீணையை நாங்கள் தூக்கிப் பிடிப்பதே இல்லை. குடம் வலப்பக்கம் தரையில் அமர்ந்திருக்கும், சுரைக்காய் இடது தொடையில் அமரும், தண்டியின் பாரம் இவ்விரண்டுக்கும் பிரிந்துவிடும். இடது கைக்குச் சுரத்தைத் தவிர வேறு வேலை இல்லாததால்தான் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்க முடிகிறது. ஒரு மாணவி தண்டியை இடது கையால் தாங்கத் தொடங்கினால் அவளுடைய கமகம் அன்றே கெட்டுவிடும். பேஸ் கிதாரில் கமகம் இல்லையே என்பார்கள். ஆனால் கழுத்தைத் தாங்கும் கை இடம் மாறும்போது தாமதிப்பதை என் காதால் கேட்கிறேன்.

பேஸ் கிதாரை மடியில் வைத்தால் மேல் பட்டனுக்கு வேலையில்லை. அப்போது எல்லாவற்றையும் முடிவு செய்வது உடலின் கீழ்ப்பக்கத்து இடுப்பு வளைவு எங்கே விழுகிறது என்பதுதான். அந்த வளைவு தொடையில் பொருந்தி, கிதாரின் பாரம் தொடைக்கு நேர் மேலே விழுந்தால் கையை எடுத்தாலும் நிற்கும். ஃபெண்டரின் ஜாஸ்மாஸ்டர் கிதாரில் 1958-இல் வந்து, 1960-இல் ஜாஸ் பேஸுக்கும் போன வடிவத்தில் மேல் இடுப்பும் கீழ் இடுப்பும் எதிரெதிரே இல்லாமல் ஒன்றுக்கொன்று விலகி இருப்பது, அமர்ந்து வாசிப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்ததுதான். கேட்டவரிடம் உள்ள வடிவத்தில் கீழ்ப்பக்கம் தொடையில் பொருந்தி உட்காராது என்று நினைக்கிறேன். வீட்டில் பயிற்சி செய்யும்போதும் வாரை மாட்டிக்கொள்ளுங்கள். நின்றால் கிதார் எந்த உயரத்தில் இருக்குமோ, உட்கார்ந்தாலும் அதே உயரத்தில் இருக்குமாறு வாரின் நீளத்தை வையுங்கள். உட்கார்ந்து ஒரு கோணத்தில் பழகி, மேடையில் நின்று வேறொரு கோணத்தில் வாசிப்பதால் வரும் மணிக்கட்டு வலியைப் பலர் கிதாரின் மேல் பழி போடுகிறார்கள்.

கேட்டவர்: கிருஷ்ணகிரி நான்கு தந்தி

மூவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி கம்பின்மேல் கிடத்திப் பார்த்தேன். மேல் பட்டன், கழுத்து உடலோடு சேரும் இடத்தில், முதுகுப்பக்கத்தில் இருக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் பதினேழாம் ஃபிரெட்டுக்கு நேர். நாடா ஒட்டிய இடம் அதிலிருந்து வால் பக்கமாக இரண்டு சென்டிமீட்டர் மட்டுமே தள்ளி இருக்கிறது. அக்கா சொன்னதும் சரி, மடியில் வைத்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அடுத்து என்ன செய்வது?

பதில்: பாலக்கோடு பழைய மேடை

இரண்டு சென்டிமீட்டர் என்றால் உங்கள் கையை எடுத்தவுடன் அது கவிழாமல் இருந்தால்தான் வியப்பு. சமநிலைப் புள்ளி, மேல் பட்டனுக்கும் வால் பட்டனுக்கும் நடுவே தாராளமாக உள்ளே இருக்க வேண்டும்.

முதலில் ஆசாரியின் யோசனையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் பின்னால் 650 கிராம் மரத்தை எடுத்தால், மீதமிருக்கும் 3.45 கிலோ கிதாரின் சமநிலைப் புள்ளி கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் தலைப்பக்கமாக நகரும். அதாவது பட்டனைத் தாண்டி 3 சென்டிமீட்டர் கழுத்துக்குப் போய்விடும். அதன்பிறகு முழங்கால் முட்டும் போதாது.

இப்போது எதிர்முனையைப் பாருங்கள். உங்கள் கிதாரின் தலையில் தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்க இருப்பவை பெரிய இரும்புச் சாவிகளாக இருக்கும். அவை சமநிலைப் புள்ளியிலிருந்து 65 சென்டிமீட்டருக்கும் மேலே இருக்கின்றன. சாவி ஒன்றுக்கு 40 கிராம் குறைந்த அலுமினியச் சாவிகளைப் போட்டால் மொத்தம் 160 கிராம்தான் குறையும். ஆனால் தொலைவு அதிகம் என்பதால் புள்ளி இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் வால் பக்கம் வரும். இதையே வாலில் ஈயம் கட்டிச் சாதிக்க நினைத்தால் ஏறத்தாழ 300 கிராம் ஏற்ற வேண்டும், அதுவும் உங்கள் தோளுக்குத்தான் சுமை. தலையே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று நெட் ஸ்டைன்பெர்கர் நினைத்ததன் விளைவுதான், 1980-ஐ ஒட்டி வந்த, சாவிகளை வாலில் வைத்த அவருடைய தலையில்லாக் கிதார். சாவி வாங்கப் போவதற்கு முன் தலையில் உள்ள துளையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். எல்லாச் சாவியும் எல்லாத் துளைக்கும் பொருந்தாது.

இரண்டாவது, பட்டனை நகர்த்துவது. கொம்பு இல்லாவிட்டால் கொம்பை உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஓசூரில் எந்த லேத் பட்டறையிலும் 5 மில்லிமீட்டர் கனத்தில் ஓர் அலுமினியத் தகட்டை வெட்டித் தருவார்கள். அதை உடலின் முதுகில் மூன்று திருகாணிகளால் பொருத்தி, தலைப்பக்கமாக 6 சென்டிமீட்டர் வெளியே நீட்டி, நுனியில் பட்டனை மாட்டுங்கள். பதினேழாம் ஃபிரெட்டிலிருந்து பதினான்குக்கு வந்துவிடுவீர்கள். பன்னிரண்டு வரை போக 11 சென்டிமீட்டர் வேண்டும். அவ்வளவு நீட்டினால் திருகாணிகளின் மேல் நெம்பும் விசை கூடும், இடது கை மேல் ஃபிரெட்டுகளுக்குப் போகும்போது தகடும் இடிக்கும். ஆறே போதும். தகட்டை மேல் விளிம்புப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து வையுங்கள். பட்டன் கழுத்தின் நடுக்கோட்டுக்கு மேலே இருந்தால் கிதார் நிலையாகத் தொங்கும். அத்துடன், பட்டன் முதுகில் இருக்கும்வரை கிதாரின் முகம் வெளியே கவிழ்ந்து மக்களைப் பார்க்கும், உங்களால் ஃபிரெட்டைப் பார்க்க முடியாது. அது ஒரு சிறு குறைதான், பழகிவிடும்.

திருகாணி போடும் முன் மெல்லிய துளையிட்டு, திருகாணியின் மரையில் கொஞ்சம் மெழுகைத் தடவச் சொல்லுங்கள். பழைய பட்டன் துளையில் மூங்கில் குச்சியைப் பசை தடவி இறுக்கி அடைத்துவிட்டால் பின்னால் வேண்டுமென்றால் திரும்பத் துளையிடலாம்.

பதில்: ஓசூர் இரவுப்பணி

லேத் பட்டறை வேலை என்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள் நண்பரே, தெரிந்த இடம் இருக்கிறது. தகட்டின் மூலைகளை உருட்டச் சொல்ல மறக்காதீர்கள், இல்லையென்றால் சட்டை கிழியும். என் சட்டையின் கழுத்துப் பட்டையை நேற்றுக் கண்ணாடியில் பார்த்தேன். மூத்தவர் சொன்ன நான்கு விரல் இல்லை, மூன்று விரல்.

கேட்டவர்: கிருஷ்ணகிரி நான்கு தந்தி

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். வேலை முடிந்து, ஒரு திருவிழாவும் வாசித்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

பழைய சாவியை நகைக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவரின் தராசில் வைத்தபோது 105 கிராம் காட்டியது; புதியது 64. நான்கையும் மாற்றியதும் கம்பின்மேல் கிடத்திப் பார்த்தேன், நாடா வால் பக்கமாக ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தது. தகட்டையும் பொருத்தியபின், நாடாவுக்கும் பட்டனுக்கும் இடையே பதினோரு சென்டிமீட்டர் இருக்கிறது. இரண்டில் தொடங்கிய இடம்! மரத்தைக் குடைய வேண்டாம் என்றதும் ஆசாரிக்குச் சற்று வருத்தம்தான். ஆனால் முன்கை படியும் விளிம்பை இழைக்கக் கொடுத்தவுடன் உற்சாகமாகிவிட்டார். என் கையை நான்கைந்து முறை அதன்மேல் வைக்கச் சொல்லி, பென்சிலால் கோடு போட்டு, வளைவை என் முன்கைக்கென்றே எடுத்துத் தந்தார்.

கையை எடுத்தால் கழுத்து மெதுவாக இறங்கி, தரைக்குப் படுக்கையான நிலையை அடைந்ததும் நின்றுவிடுகிறது. முன்போல் கவிழ்வதில்லை. அகல வாரையும் மாட்டியதில் அந்த மெதுவான இறக்கமும் நின்றுவிட்டது, எனவே ஓசூர் நண்பருக்கும் என் நன்றியில் பங்கு உண்டு. எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி தந்தது முதல் ஃபிரெட் நெருங்கி வந்ததுதான். தாழ்ந்த எஃப் சுரத்துக்கு இப்போது தோளை நீட்ட வேண்டியதில்லை. போன வாரம் நான்கு மணி நேரம் வாசித்ததில் தோளில் களைப்பு இருந்தது, கட்டைவிரலில் வலி இல்லை. வீட்டில் உட்கார்ந்து பழகும்போதும் அக்கா சொன்னபடி வாரைக் கழற்றுவதில்லை.

ஒரே ஒரு சிக்கல் வந்திருக்கிறது. நீட்டிய தகடு இடிப்பதால் கிதார்ப் பெட்டி மூடவில்லை. ஒவ்வொரு கச்சேரிக்கும் தகட்டை முதலிலிருந்து மாட்டிக் கழற்றினால் மரத்தின் மரை தேய்ந்துவிடும் என்பதால், பெட்டியின் உள்பஞ்சை அந்த இடத்தில் வெட்டிவிடலாமா என்று பார்க்கிறேன்.

பதில்: பாலக்கோடு பழைய மேடை

பஞ்சை வெட்டுங்கள் தம்பி, ஆனால் தகடு பெட்டியின் பலகையைத் தொடாதபடி ஒரு விரல் இடைவெளி விட்டு வெட்டுங்கள். வண்டியில் பெட்டி அதிரும்போது அந்த அடி நேராகத் திருகாணிக்குப் போகும்.